விளங்காமல் தலையாட்டலாமா?

சென்ற மாத இறுதியில் ஒரு சகோதரி இரவு பத்து மணிக்குப் பிறகு ரெலிபோன் எடுத்தார். "அண்ணை, பிள்ளையள் படுத்தாப் பிறகுதான் ஆறுதலாய்க் கதைக்கலாம்" என்று தொடங்கினார். ஊரில் பிரதேச செயலகம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். அகதியாக இங்கு வந்து, வழக்கு வென்று, நிரந்தர வதிவிட உரிமை எடுத்து, கோப்பிக் கடையிலும் பொதி செய்யும் தொழிற்சாலையிலும் கால் கடுக்க நின்று, கடைசியில் சமஷ்டி அரசாங்கக் கந்தோர் ஒன்றில் ஒரு வருட ஒப்பந்தத்தில் கிளறிக்கல் வேலை கிடைத்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு தகவல். சமஷ்டி அரசாங்க வேலைக்கு கனடியப் பிரசையாக இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று எம்மவரில் பலர் இன்றும் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். 2021 ஜூன் மாதம் சட்டம் திருத்தப்பட்டது. பொதுமக்களுக்கு விளம்பரப்படுத்தப்படும் சமஷ்டி பொதுச்சேவை வேலைகளில் நிரந்தர வதிவாளருக்கும் இப்போது பிரசைகளுக்குச் சமமான முன்னுரிமை உண்டு. பிரசாவுரிமை கிடைக்கும்வரை காத்திருந்து வருடங்களை வீணாக்க வேண்டாம்.

சகோதரியின் கதைக்கு வருவோம். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதத்தில் கந்தோரில் புதிய கணனி முறை ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதுவரை படிவங்களைப் பார்த்து, முத்திரை குத்தி, கோப்பில் போட்டு, பழைய திரையில் நாலு பெட்டிகளை நிரப்பினால் வேலை முடிந்தது. இப்போது எல்லாமே திரையில். பயிற்சி என்று ஒன்றரை மணித்தியாலம் ஒருவர் வீடியோவில் தோன்றி, மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறார். முடிவில் எல்லோருக்கும் விளங்கியதா என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் தலையாட்டினார்களாம்.

"நானும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டன் அண்ணை."

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவலைக்குரியது. தெரியாத இடங்களைக் கொப்பியில் குறித்துக்கொண்டு வந்து, கந்தோர் மடிக்கணனியில் இரவில் இரண்டு மணித்தியாலம் வீட்டில் இருந்து வேலையை முடிக்கிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் பக்கத்தில் இருந்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லிக் கொடுக்கிறான். இதற்குச் சம்பளம் இல்லை. கணவருக்கும் விடயம் முழுவதும் தெரியாது. அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எனக்கு இது விளங்கேல்லை எண்டு மேலதிகாரியிட்டைச் சொன்னால், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டிடுவினமோ?"

இந்தக் கேள்வியை வேறு வேறு வடிவங்களில் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். கேட்பவர்கள் மொக்கர்கள் அல்லர். சொந்த நாட்டில் பொறுப்பான பதவிகளில் இருந்தவர்கள்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள். அங்கே கச்சேரியில் ஒரு உத்தியோகத்தர் "தெரியாது" என்று சொன்னால் அது அவருடைய தகுதிக்குக் குறைவு. அதைவிட, அரசாங்கம் என்றாலே பெயர் எங்கும் பதியப்படாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று யுத்தம் எங்களுக்குப் படிப்பித்துவிட்டது. கூட்டத்தில் கையை உயர்த்தாதே, வரிசையில் முதலாவதாக நிற்காதே, கேட்டால் மட்டும் பதில் சொல். அந்தப் பாடம் உயிரைக் காப்பாற்றியது உண்மை. அதே பாடத்தை ரொறன்ரோவில் ஒரு கந்தோர் மேசைக்குக் கொண்டுவந்தால் வேலையைக் காப்பாற்றுமா என்பதுதான் கேள்வி.

முதலில் சட்டப்படி உள்ளதைப் பார்ப்போம். சமஷ்டி அரசாங்கத்தில் கிளறிக்கல், நிர்வாக வேலைகள் செய்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பி.ஏ. என்று அழைக்கப்படும் பிரிவில் வருகிறார்கள். இவர்களுக்காகப் பேசுவது பி.எஸ்.ஏ.சி. என்ற தொழிற்சங்கம். சங்கமும் அரசாங்கமும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தில் தொழில்நுட்ப மாற்றம் என்றே தனியாக ஒரு பிரிவு உண்டு. அவசரநிலை தவிர, அப்படியான மாற்றம் ஒன்றைக் கொண்டுவருமுன் குறைந்தது 180 நாட்களுக்கு முன்பே சங்கத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது அது. எங்களுக்கு முக்கியமானது அதற்கு அடுத்த பகுதி. மாற்றத்தினால் ஊழியர் ஒருவருக்கு அவருடைய பதவி வேலையைச் செய்யப் புதிய திறமையோ அறிவோ தேவை என்று நிர்வாகம் கண்டால், அந்தப் பயிற்சியை வேலை நேரத்திலேயே, சம்பளம் குறையாமல், ஊழியருக்குச் செலவில்லாமல் கொடுக்க நியாயமான முயற்சி எல்லாம் எடுக்க வேண்டும்.

வேலை நேரத்தில். சம்பளத்தோடு. இரவில் மகனுக்குப் பக்கத்தில் இருந்து அல்ல.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கணனியில் வரும் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. முன்பு பாவித்ததிலிருந்து வேறுபட்ட தன்மையுள்ள உபகரணமோ பொருளோ வந்து, அதனால் வேலை நடக்கும் முறையும் மாறினால்தான் அது தொழில்நுட்ப மாற்றம். சகோதரியின் கந்தோரில் நடந்தது அதற்குள் அடங்குமா என்பதை நானோ அவரோ தீர்மானிக்க முடியாது. சங்கப் பிரதிநிதிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். அடங்காவிட்டாலும் பயிற்சி கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை. தற்காலிக ஒப்பந்தக்காரருக்கு சங்கம் இல்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் தவறு. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தவணை ஒப்பந்தத்தில் இருப்பவர் கூட்டு ஒப்பந்தத்துக்குள் வருகிறார். கஷுவல் என்று நாள் கணக்கில் எடுக்கப்படுபவர்தான் வெளியே நிற்கிறார். உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து எந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இயந்திரம் வரும்போது ஊழியர்கள் வாய் திறந்து பேசியது கனடாவில் புதிதல்ல. நீங்கள் ஊருக்குப் போடும் கடிதத்தில் அனுப்புநர் முகவரியின் கடைசியில் எழுதும் தபால் குறியீட்டைப் பாருங்கள். ஸ்காபரோவில் இருந்தால் 'எம் 1' என்று தொடங்கும். இந்தக் குறியீடு 1971இல் ஒட்டாவாவில் ஆரம்பிக்கப்பட்டு நாடு முழுவதும் பரப்பப்பட்டது. இயந்திரம் கடிதங்களைப் பிரிப்பதற்காகவே வந்தது. அப்போது தபால் சேவை ஒரு அரசாங்கத் திணைக்களம். முடிக்குரிய கூட்டுத்தாபனமாக மாறியது 1981இல்தான். கையால் கடிதம் பிரித்தவர்களுக்கு ஒரு சம்பளம். இயந்திரத்தின் முன் இருந்து குறியீட்டைத் தட்டுபவர்களுக்கு, அதைவிடக் குறைந்த தரத்தில், குறைந்த சம்பளம் என்று நிர்வாகம் வைத்தது. தபால் ஊழியர் சங்கம் குறியீட்டை எழுதாதீர்கள் என்று பொதுமக்களிடமே பிரசாரம் செய்தது. 1974இல் அது வேலைநிறுத்தத்தில் போய் முடிந்தது. கடைசியில் குறியீடு தட்டுபவர்களின் தரம் உயர்த்தப்பட்டது. இயந்திரங்களும் வந்தன, குறியீடும் நிலைத்தது. அந்த மாற்றத்தின் நன்மை யாருடைய பைக்குள் போகிறது என்று அவர்கள் கேட்டதால்தான் சம்பளம் காப்பாற்றப்பட்டது.

இன்னொரு கதை அண்மைக் காலத்தது. அரசாங்க வேலைக்குப் போக நினைக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சமஷ்டி அரசாங்கம் நாற்பது வருடப் பழைமையான சம்பள முறையை விட்டுவிட்டு, 2016 பெப்ரவரியில் பீனிக்ஸ் என்ற புதிய கணனி முறைக்கு மாறத் தொடங்கியது. ஏப்ரலில் இரண்டாவது கட்டம். 101 திணைக்களங்களும் நிறுவனங்களும், ஏறத்தாழ 290,000 ஊழியர்கள். வருடத்துக்கு 70 மில்லியன் டொலர் மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதற்காகத் திணைக்களங்களில் இருந்து சம்பள விடயங்களைக் கவனித்த 1,200 ஆலோசகர் பதவிகளை நீக்கி, அவர்களுக்குப் பதிலாகக் குறைந்த எண்ணிக்கையானோரை நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து மிரமிச்சியில் ஒரே இடத்தில் வைத்தார்கள். பழைய ஆலோசகர்களுக்கு எந்த ஊழியருக்கு எந்தப் படி, எந்த இரவு வேலைக்கு எந்த விகிதம் என்பதெல்லாம் மனப்பாடம். மிரமிச்சியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த அனுபவம் இல்லை.

நடந்தது நாடறிந்தது. சிலருக்குச் சம்பளம் குறைந்தது. சிலருக்கு வரவே இல்லை. சிலருக்குக் கூடுதலாக வந்தது. ஒன்றரை வருடம் கழித்து, 2017 நடுப்பகுதியில், 150,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் சம்பளப் பிழைகள் திருத்தப்படாமல் கிடந்தன. அவற்றின் மொத்தப் பெறுமதி அரை பில்லியன் டொலருக்கு மேல்.

கணக்காய்வாளர் நாயகமாக இருந்த மைக்கல் பெர்குசன் 2018இல் வெளியிட்ட அறிக்கையில் இது எப்படி நடந்தது என்று தேடிப் பார்த்தார். செலவும் காலக்கெடுவும் மட்டுமே பெரிதாகத் தெரிந்ததால், திட்டமிட்ட 984 செயற்பாடுகளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை நீக்கினார்கள் அல்லது பின்போட்டார்கள். ஒரு திணைக்களத்தில் வைத்துப் பரீட்சித்துப் பார்ப்பதாக இருந்தது, அதையும் கைவிட்டார்கள். மேலே இருந்தவர்களுக்குக் கெட்ட செய்தி போய்ச் சேரவில்லை. தவறுக்குப் பயந்து கீழ்ப்படிந்தே பழகிய பொதுச்சேவை, கசப்பான உண்மையைச் சொல்லும் திறனை இழந்துகொண்டு வருகிறது என்ற கருத்தில் அவர் எழுதினார். அதை வாசித்தபோது எனக்கு எங்கள் சகோதரியின் பயிற்சி வகுப்புத்தான் கண்ணுக்கு முன் வந்தது. பெரிய பதவியில் இருப்பவர்களும் விளங்காமல் தலையாட்டியிருக்கிறார்கள். பலன் கீழே உள்ளவர்களின் வாடகைக் காசில் விழுந்தது.

எங்கள் குடும்பங்களுக்கு இது இரட்டை அடியாக வரக்கூடியது. கூடுதலாக வந்த சம்பளத்தை யோசியுங்கள். அது வருமானமாக ரி4 படிவத்தில் ஏறும். வருமானம் கூடினால், அடுத்த வருடம் பிள்ளைகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு குறையும், ஏனென்றால் அது குடும்பத்தின் முந்தைய வருட வருமானத்தைப் பார்த்தே கணக்கிடப்படுகிறது. மறுபக்கம், சம்பளம் குறைந்து பதிவாகினால், அம்மா அப்பாவை ஸ்பொன்சர் செய்ய நினைத்திருப்பவர் மாட்டிக்கொள்வார். அதற்கு மூன்று வருட வரி மதிப்பீட்டு அறிவித்தல்களில் உள்ள வருமானத்தையே பார்க்கிறார்கள். கணனியில் யாரோ ஒருவர் தவறாக அழுத்திய பொத்தான் ஊரில் இருக்கும் தாயின் விசாவைத் தாமதப்படுத்தலாம்.

பீனிக்ஸ் வந்து எட்டு வருடம் கழிந்த 2024இலும் அதே முறையில்தான் சம்பளம் போய்க்கொண்டிருந்தது. ஆகவே வேலைக்குச் சேரும் நாளில் இருந்தே நியமனக் கடிதம், ஒவ்வொரு சம்பளச் சிட்டை, செய்த ஓவர்ரைம், எடுத்த லீவு, பதவி மாறிய திகதி ஆகியவற்றை வீட்டில் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். கந்தோர்க் கணனியில் இருக்கிறதுதானே என்று விட வேண்டாம். வேலை முடிந்து போகும் நாளில் அந்தக் கணனியைத் திறக்க உங்களுக்கு அனுமதி இருக்காது. கூடுதலாகக் காசு வந்தால் அது உங்கள் காசு அல்ல. வேறு கணக்கில் ஒதுக்கி வைத்துவிட்டு எழுத்தில் அறிவியுங்கள். சில வருடம் கழித்தும் கடன் என்று கடிதம் வரும். இப்படியான கடிதங்கள் பலருக்கு வந்திருக்கின்றன. கடனை ஒப்புக்கொள்வதாகக் கையெழுத்திடச் சொன்னால், கையெழுத்திட முன் சங்கப் பிரதிநிதியிடம் காட்டுங்கள். அரசாங்கத்துக்குக் கடனை அறவிட ஆறு வருடக் கால எல்லை உண்டு. உங்கள் கையெழுத்து அந்த எல்லையை மாற்றிவிடலாம்.

இன்னொரு விடயம், சற்று அவசரமாகவே சொல்கிறேன். ஆங்கிலக் கடிதம் எழுதத் தயங்கும் எம்மவர் சிலர் சட்ஜிபிடி போன்றவற்றில் கடிதத்தைப் போட்டுத் திருத்தி எடுக்கிறார்கள். சொந்தக் கடிதம் என்றால் அது உங்கள் விருப்பம். கந்தோருக்கு வந்த பொதுமகன் ஒருவரின் பெயர், பிறந்த திகதி, சின் இலக்கம், அகதிக் கோரிக்கை விபரம் எதையும் வெளியில் உள்ள அப்படியான இடத்தில் போடவே கூடாது. சமஷ்டி அரசாங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியும் தனிப்பட்ட விபரங்களைப் பொதுவான கருவிகளில் இடவேண்டாம் என்கிறது. எங்களுடைய கோப்பை யாரோ ஒருவர் இப்படிச் செய்தால் எங்களுக்கு எப்படி இருக்கும்? மகனைப் பக்கத்தில் இருத்தி வேலை செய்வதிலும் இதே ஆபத்து உண்டு. விசைப்பலகையில் வேகமாகத் தட்ட அவனிடம் பழகுங்கள், தாராளமாக. கந்தோர்க் கோப்பு திறந்திருக்கும் திரைக்கு முன் அவன் இருக்கக் கூடாது.

பழகுவதற்கு இடங்கள் இருக்கின்றன. ரொறன்ரோ பொது நூலகத்தின் கிளைகளில் இலவசமாகக் கணனி பாவிக்கலாம், அடிப்படை வகுப்புகளும் நடக்கின்றன. சமஷ்டி ஊழியர்களுக்கென்றே கனடா பொதுச்சேவைக் கல்லூரி இருக்கிறது. அதன் பாடங்களைக் கந்தோர்க் கணனியிலேயே படிக்கலாம். மேலதிகாரியின் சம்மதத்தோடு வேலை நேரத்தில் படிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

சகோதரிக்கு நான் சொன்னது இதுதான். "எனக்குக் கணனி தெரியாது" என்று மாத்திரம் சொல்ல வேண்டாம். அது உண்மையும் அல்ல, நாலு மாதமாக வேலை செய்கிறீர்கள்தானே. எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கோப்பை அடுத்த பகுதிக்கு மாற்றும் திரை, திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பத்தை மீண்டும் திறக்கும் முறை, இரண்டு பெயரில் ஒரே ஆளின் பதிவு இருந்தால் என்ன செய்வது. இந்த மூன்றையும் இரண்டு வரியில் ஈமெயிலில் எழுதி, அனுபவமுள்ள ஒருவருக்குப் பக்கத்தில் அரை நாள் இருக்க அனுமதி கேளுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரவில் செய்யும் வேலையை இன்றோடு நிறுத்துங்கள். முன்கூட்டி அனுமதி இல்லாமல் செய்த ஓவர்ரைமுக்குக் காசு கேட்பது கடினம், அதைவிட இரவில் நீங்கள் வேலையை முடித்துக் கொடுப்பதால் பயிற்சி போதாது என்பது மேலே ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

"எழுதினால் என்ரை பெயர் பதிவாகும் எல்லோ அண்ணை?" என்றார்.

"ஓம் பிள்ளை, பதிவாகும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

இரண்டு கிழமை அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நான் தவறான புத்தி சொல்லிவிட்டேனோ என்று மனதுக்குள் உறுத்தல். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தார். ஈமெயில் எழுதி, நாலு நாள் அனுப்பாமல் வைத்திருந்து, ஐந்தாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாராம். மேலதிகாரி அன்று பின்னேரமே பதில் போட்டு, இன்னொரு பிரிவில் இருந்து ஒரு பெண்ணை இரண்டு பிற்பகல்களுக்கு ஒழுங்கு செய்திருக்கிறார். அந்தப் பெண் வந்து இருந்ததும், வீடியோ வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் பலமாகத் தலையாட்டிய, இருபது வருடச் சேவை உள்ள ஒருவர், தன் கதிரையையும் இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாராம். மறுநாள் இன்னும் இருவர்.

இரவில் செய்த வேலைக்குக் காசு வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பது அடுத்த வசந்தத்தில்தான் தெரியும்.

கூட்டு ஒப்பந்தத்தின் பிரதியைச் சங்கத்தின் கந்தோரிலோ உங்கள் வேலைத்தலப் பிரதிநிதியிடமோ கேட்டு வாங்கலாம். ஆங்கிலத்தில் வாசிக்கக் கடினமாக இருந்தால் எந்தப் பிரிவு என்று குறித்து எழுதுங்கள், இயன்றவரை தமிழில் விளக்குகிறேன். அடுத்த இதழில் சுகயீன லீவு பற்றிப் பார்ப்போம். அதுபற்றிய கடிதங்கள் என் மேசையில் குவிந்து கிடக்கின்றன.